d என்ற இடத்தில் நான் போட்ட எண்

ஐந்து பாட்டில்களும் காலியாக இருந்தன.

வரப்பில் விரித்திருந்த நீலத் தார்ப்பாயின்மேல் அவற்றைத் தேன்மொழி வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். ஒன்று அரை லிட்டர், மற்ற நான்கும் நூறு நூறு மில்லி. கழுவி, கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் வாளியிலேயே ஊற்றி, மூடியைத் திருகி வைத்திருந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண்.

காலை ஏழரை மணி இருக்கும். டிரோன் அப்போதுதான் இறங்கியிருந்தது. தேன்மொழியின் ஒன்பது மா வயலில் மூன்று மாவுக்குக் களைக்கொல்லி அடித்து முடித்திருந்தோம். இன்னும் ஆறு மா பாக்கி. காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பேட்டரியைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்.

“அடுத்த டேங்குக்கு மருந்தை எடுத்து ஊத்து தேனு.”

“எந்த மருந்துக்கா?”

“மிச்சப் பாட்டிலு எங்கே? பையில இருக்கா?”

“மிச்சம் ஏதுக்கா? கடையில குடுத்ததே இவ்வளவுதான். நீங்க தொள்ளாயிரம் ஊத்தச் சொன்னீங்க, எல்லாத்தையும் ஊத்திட்டேன்.”

நான் பாட்டில்களைப் பார்த்தேன். வயலைப் பார்த்தேன். மறுபடி பாட்டில்களை எண்ணினேன், ஏதோ எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கடைக்காரர் மருந்தைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். தப்பு என்மேல்தான் என்று தெரிய இன்னும் ஐந்து நிமிடம் தேவைப்பட்டது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் போவதற்குமுன், நான் எப்பேர்ப்பட்ட கணக்குப் புலி என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் உங்களுக்கு என்மேல் தேவையில்லாத மரியாதை வந்துவிடும்.

முப்பத்திரண்டு

பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை தோற்றவள் நான். மூன்றாவது தடவை எழுதப் போகவில்லை.

எண்கள் இருக்கிறவரைக்கும் எனக்கும் கணக்குக்கும் சண்டை இல்லை. கூட்டல், பெருக்கல், வாய்ப்பாடு எல்லாம் மளமளவென்று வரும். எட்டாம் வகுப்பில் எழுத்துகளைக் கொண்டுவந்து நுழைத்தார்கள். அன்றோடு சரி.

‘a = 2 எனில் 3a-இன் மதிப்பு காண்க’ என்று ஒரு கேள்வி. a இருக்கிற இடத்தில் 2ஐ வை என்றார்கள். வைத்தேன். மூன்றுக்குப் பக்கத்தில் இரண்டு. முப்பத்திரண்டு என்று அழகாக எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

ஆசிரியர் என் நோட்டை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுக்கக் காட்டினார். பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒரு மாதம் வரைக்கும் என் பெயரே முப்பத்திரண்டு. சரியான விடை ஆறு என்று மட்டும் சொன்னார்களே தவிர, மூன்றுக்கும் a-வுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் கேட்கிறேன், கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படிப் பார்ப்பேன்?

எனக்கு எதிலும் பொறுமை கிடையாது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் இதே நன்னிலம் பக்கத்து வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். நானும் நட்டேன், களை எடுத்தேன், நூறு நாள் வேலைக்குப் போனேன். எந்த வேலையிலும் கை ஓடிக்கொண்டிருக்கும், மனசு அடுத்த வரப்புக்குத் தாவியிருக்கும். மகளிர் குழுவில் ஒருநாள், டிரோன் ஓட்டப் பழக யாருக்கு விருப்பம் என்று கேட்டார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். என்ன ஏது என்று கேட்டது அப்புறம்தான்.

அடைப்புக்குறி

தஞ்சாவூரில் பயிற்சி. விமானம் மாதிரி ஏதோ ஓட்டப் போகிறோம் என்று போனால், இரண்டாம் நாளே கரும்பலகையில் எழுத்துகள் வந்து நின்றன.

கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது குறைவு. தாராசுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வரும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். அது எங்களுக்கு ஒரு கணக்கு போட்டது. x = −2 எனில், x² − 3x எவ்வளவு?

நான் எழுத்தை அழித்து எண்ணை வைத்தேன். −2² − 3 − 2. இரண்டின் வர்க்கம் நான்கு, முன்னால் கழித்தல், அப்புறம் மூன்று போச்சு, இரண்டு போச்சு. மைனஸ் ஒன்பது என்றேன்.

“அக்கா, எழுத்தை எடுத்தவுடனே எண்ணை வைக்காதீங்க. முதல்ல அந்த இடத்துல ஓர் அடைப்புக்குறியைப் போடுங்க. எண்ணை அதுக்குள்ள வைங்க” என்றது.

போட்டேன். (−2)² − 3(−2). மைனஸ் இரண்டை மைனஸ் இரண்டால் பெருக்கினால் நான்கு. மைனஸ் மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் ஆறு. நான்கும் ஆறும் பத்து.

பத்து! மைனஸ் ஒன்பது எங்கே, பத்து எங்கே? இரண்டு சின்ன வளைவுக் கோடுகள் போடாததற்கு இவ்வளவு தூரமா? எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. எட்டாம் வகுப்பில் யாராவது இந்த அடைப்புக்குறியைக் கொடுத்திருந்தால் 3(2) என்று எழுதியிருப்பேன், ஆறு வந்திருக்கும், முப்பத்திரண்டு என்ற பெயர் வந்திருக்காது. பஸ்ஸில் ஊர் திரும்பும்போது டிக்கெட்டின் பின்பக்கத்தில்கூட அடைப்புக்குறி போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண் சொன்ன பழக்கம் இரண்டு. ஒன்று அடைப்புக்குறி. இன்னொன்று, எண்ணுக்குப் பக்கத்தில் அது என்ன அளவு என்று எழுதுவது. மில்லியா லிட்டரா, ஏக்கரா ஹெக்டேரா, எதற்கு எவ்வளவு என்று. முதல் பழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது சின்னப் பிள்ளைகளுக்கான வேலையாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் எது எந்த அளவு என்று யாருக்குத் தெரியாது?

மருந்து கலக்க ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். m = d × c ÷ w. ஒரு டேங்குக்கு ஊற்ற வேண்டிய மருந்து m. ஓர் ஏக்கருக்கு எத்தனை மில்லி மருந்து என்பது d. டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது c. ஓர் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் கலவை தெளிக்க வேண்டும் என்பது w. எங்கள் டிரோனில் c-யும் பத்து, w-வும் பத்து. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாரம் முழுக்க d தலையில்.

அந்தச் சூத்திரத்தில் தேர்ச்சி பெற்றுத்தான் ஊருக்கு வந்தேன். டீக்கடையில் கோவிந்தராசு அண்ணன், “பத்தாவது பெயிலு பறக்க விடுது. பயிரு பாஸாவுமா?” என்று கேட்டதாகச் சொன்னார்கள். அவர் வயலில் நான் எத்தனையோ வருடம் நட்டிருக்கிறேன். நேரில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் அளவு

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். பட்டாவில் ஹெக்டேர் என்று இருக்கலாம், விண்ணப்பத்தில் ஏக்கர் என்று நிரப்பலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் வாயைத் திறந்தால் மாதான். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர்.

விதை மாவுக்கு இவ்வளவு, யூரியா மாவுக்கு இவ்வளவு, மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்றுதான் பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட மாப்பிள்ளைக்கு எத்தனை மா என்றுதான் கேட்பார்கள். ஆகவே எங்கள் ஊர்க்காரர் ஓர் அளவைச் சொன்னால், அது மாவுக்குத்தான். கேட்கவே வேண்டாம்.

அன்று காலை தேன்மொழி கடைச்சீட்டை நீட்டினாள். அதில் மேலே 300 என்று இருந்தது. கீழே 9 மா. வேறு ஒன்றும் இல்லை.

நான் கணக்கில் கவனமானவள் அல்லவா இப்போது? முந்நூறு என்பது மாவுக்கு. சூத்திரத்தில் d ஏக்கருக்கு. அப்படியே போடக் கூடாது, மாற்ற வேண்டும். மூன்று மா ஓர் ஏக்கர். முந்நூறை மூன்றால் பெருக்கினேன். d-க்குப் பதில் அடைப்புக்குறி போட்டு, உள்ளே தொள்ளாயிரத்தை வைத்தேன். (900) × (10) ÷ (10). மாற்ற வேண்டும் என்று ஞாபகமாகத் தோன்றியதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்மை.

பாட்டிலில் ஒட்டியிருந்த மடிப்புத் தாளைப் பிரித்துப் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் கேட்டது

கையுறையில் மருந்து ஈரம் இருந்தது. தேன்மொழியே தன் போனில் கடைக்காரரைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவளுக்காகப் பேசுகிறேன் என்ற நினைப்பில் நான் குரலை இன்னும் உயர்த்தினேன்.

“என்னங்க, ஒன்பது மாவுக்கு மருந்து கேட்டா தொள்ளாயிரம் மில்லி குடுத்திருக்கீங்க? ரெண்டாயிரத்து எழுநூறு வேணும்ல?”

“எதுக்கும்மா அவ்வளவு? ஒன்பது மா மூணு ஏக்கரு. ஏக்கருக்கு முந்நூறு. தொள்ளாயிரந்தானே?”

“சீட்டுல முந்நூறுன்னுதானே எழுதியிருக்கீங்க. மாவுக்கு முந்நூறுதானே?”

“மாவுக்கு நூறும்மா. நீங்க டிரோனுக்கு ஏக்கர் கணக்குலதான் கேப்பீங்கன்னு நானே மூணால பெருக்கி எழுதிக் குடுத்தேன். உங்களுக்குச் சிரமம் வேணாமேன்னு.”

அவரும் மூன்றால் பெருக்கியிருக்கிறார், நானும் மூன்றால் பெருக்கியிருக்கிறேன். இரண்டு பேரும் நல்லது நினைத்துத்தான் செய்தோம். வயலில் மூன்று பங்கு விஷம் விழுந்துவிட்டது.

போனை அணைத்த தேன்மொழி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஊத்தும்போதே நினைச்சேங்க்கா, எல்லாம் ஒரே வாளியில போவுதேன்னு. நீங்க கணக்குப் போட்டுருப்பீங்கன்னு விட்டுட்டேன்” என்றாள்.

அது அவள் சொந்த நிலம் இல்லை, குத்தகை. அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். தனியாகச் சாகுபடி செய்து கிழித்தது போதும், இந்தச் சம்பாவும் சரியில்லை என்றால் குத்தகையை விட்டுவிட்டுத் தன் அம்மா வீட்டோடு போய் இரு என்று அவர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அதனாலேயே இந்தத் தடவை கைத்தெளிப்பான் வேண்டாம், டிரோன் என்று என்னை நம்பி வந்தவள். எனக்கு அந்த வரப்பிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

கோவிந்தராசு அண்ணன்

வேளாண்மை அலுவலரைப் போனில் பிடித்தோம். உடனே இலை நனைய நனைய நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், புதுத் தண்ணீர் வைத்து வடியுங்கள், மறுபடி வையுங்கள், பிழைத்தாலும் பிழைக்கும், உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

டிரோனால் கழுவ முடியாது. அது ஓர் ஏக்கருக்கே பத்து லிட்டர்தான் தெளிக்கும். அது தூறலுக்குச் சமம். பெரிய குழாய் வைத்த பவர் ஸ்பிரேயர் வேண்டும், வாய்க்கால் தண்ணீரும் வேண்டும். அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது, வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அன்றைக்கு முறை கோவிந்தராசு அண்ணனுக்கு. ஸ்பிரேயரும் அவரிடம்தான் இருந்தது. வேறு யாரிடமாவது இருந்திருக்கக் கூடாதா?

நான் வரப்பில் ஓடினேன். தேன்மொழியும் பின்னால் வந்தாள்.

“என்னம்மா, ஆகாசத்துல போறவங்க இன்னைக்குத் தரையில வர்றீங்க?” என்றார், மடையருகே மண்வெட்டியோடு நின்றபடி.

மிஷின் கோளாறு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் சிரிப்பார், மிஷினைத் திட்டுவார், எனக்கு ஒன்றும் ஆகாது. மிஷினுக்கு மானம் இல்லை. ஆனால் மிஷின் கோளாறு என்றால் அவர் அவசரப்பட மாட்டார், வெற்றிலையை மடித்துக்கொண்டு கதை கேட்பார். அதற்கு நேரம் இல்லை.

“நான்தாண்ணே கணக்குல தப்புப் பண்ணிட்டேன். மூணு மாவுல மூணு பங்கு மருந்து உழுந்துட்டு. உடனே கழுவணும். உங்க முறைத் தண்ணியும் ஸ்பிரேயரும் வேணும்ணே.”

“மூணு பங்கா?”

“ஆமாண்ணே.”

அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் தேன்மொழியைப் பார்த்தார். மண்வெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

“என் மடையை அடைச்சிட்டு உன் மடையைத் திறம்மா. நான் மிஷினை எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு அந்த வயதில் ஓடினார்.

பத்தரை மணிவரை கழுவினோம். அவர் குழாயைப் பிடித்தார், நான் பின்னால் சுருள் சிக்காமல் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தேன். தேன்மொழி வடிகால் பக்கத்தில் வரப்பை வெட்டி விட்டாள். மூக்கில் அந்த மருந்து நெடி நின்றுகொண்டே இருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவிந்தராசு அண்ணன்தான் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார், அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போய்விட்டது. அந்த வாரத்துக்கு என்னைச் சொல்லி வைத்திருந்த மூன்று பேர், அப்புறம் பார்க்கலாம்மா என்றார்கள்.

இருப்புக் கொள்ளாத நாட்கள்

அடுத்த நான்கு நாட்கள் எனக்கு உட்கார முடியவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன், மத்தியானம் போய்ப் பார்த்தேன், வெயில் சாய்ந்தபின் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் இலை நுனி வெளுத்தது. நான்காம் நாள் வயலே பழுத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து ஆறு மாவில் பயிர் கருகருவென்று நின்றது, நடுவில் கோரைக் களையும் சேர்ந்து கருகருவென்று நின்றது.

வீட்டில் குழம்பைத் தீய விட்டேன். கழுவிய டிரோனையே மறுபடி கழுவினேன். “இன்னும் எத்தனை தடவைதான் அந்த வயலைப் போய்ப் பாத்துட்டு வருவே? பாத்தா பச்சையாயிடுமா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காஸ் புத்தகத்தின் பின்னட்டையில் அந்தச் சூத்திரத்தை எழுதி எழுதிப் பார்த்தேன். d-இல் முந்நூறு போட்டால் முந்நூறு வந்தது. தொள்ளாயிரம் போட்டால் தொள்ளாயிரம் வந்தது. இது அதிகமம்மா, ஒருதரம் யோசி என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு விடையைத் துப்பியது. எட்டாம் வகுப்பில் எனக்கு எழுத்துகளைப் பிடிக்காமல் போனது ஏன் என்று அப்போது மறுபடியும் ஞாபகம் வந்தது.

இரண்டு விடைகள்

ஐந்தாம் நாள் தேன்மொழி போன் செய்தாள். நடவு நட்டு இருபத்தைந்து நாள் ஆகப்போகிறது, இனியும் விட்டால் மருந்துக்குக் களை சாகாது.

“மருந்து வாங்கிட்டேங்க. காலையில வாங்க. நானும் கணக்குப் போட்டு வைக்கிறேன், நீங்களும் போட்டுட்டு வாங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பறக்க விடுவோம்.”

அவள் வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். குடவாசலில் ஒரு பையன் டிரோன் வைத்திருக்கிறான். அவள் ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

காலையில் தார்ப்பாயை விரித்து, இரண்டு பேரும் சீட்டை எடுத்து நீட்டினோம். ஒரு டேங்குக்கு மருந்து, என் சீட்டில் முந்நூறு. அவள் சீட்டில் நூறு.

“நூறே ஊத்துவோமே. குறைஞ்சா ஒண்ணும் தப்பில்லையே” என்றாள்.

தலையாட்டிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் வயல், அவள் மருந்து. நான் எந்த முகத்தோடு மறுத்துப் பேசுவேன்? நூறு ஊற்றினால் பயிருக்கு ஒன்றும் ஆகாது. கோரை சாகாது, அவ்வளவுதான். அது சாகாமல் நின்று வயலை மூடினால், மருந்து சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். என்னை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தேன்மொழியின் சம்பா மொத்தமும் போய்விடும்.

“இல்ல தேனு. முந்நூறுதான்.”

“அன்னைக்கும் இப்படித்தான் உறுதியா சொன்னீங்க.”

கடைச்சீட்டைக் கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை கடைக்காரர் கொட்டை எழுத்தில் ‘ஏக்கருக்கு 300, மாவுக்கு 100’ என்று இரண்டையும் எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். பாட்டிலின் மடிப்புத் தாளையும் பிரித்தேன். வெயிலில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் ஹெக்டேருக்குப் போட்டிருந்ததை ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தேன், அதே முந்நூறுதான் வந்தது.

“உன் நூறு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மாவுக்கு.”

“ஒரு டேங்க் எத்தனை மா பறக்கும்?”

அவள் வயலைப் பார்த்தாள். அன்றைக்கு டிரோன் எங்கே ஆரம்பித்து எங்கே இறங்கியது என்று அவளுக்குத் தெரியும். பழுத்துக் கிடந்த மூன்று மாவே சாட்சி.

“மூணு” என்றாள். பிறகு தன் சீட்டை எடுத்து, நூறுக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, உள்ளேயே ‘மாவுக்கு’ என்று எழுதினாள். பக்கத்தில் மூன்று மா. பெருக்கினாள். “முந்நூறு வருதே.”

“ஏக்கர்ல போட்டாலும் அதான் வருது. ஒரு ஏக்கரு, ஏக்கருக்கு முந்நூறு.”

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் வெகுநேரம் பார்த்தாள். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. எனக்குப் பரபரத்தது, ஆனால் அவசரப்படுத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் பொறுமையாக இருந்த சில நிமிடங்களில் அதுவும் ஒன்று.

“நானே அளந்து ஊத்துறேன்” என்றாள்.

அளவு டம்ளரைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, முந்நூறு கோட்டில் மருந்து அசையாமல் நிற்கிறவரை காத்திருந்து ஊற்றினாள். டிரோனைக் கிளப்பினேன். இரண்டு ஏக்கர், இரண்டு டேங்க். முடிந்தபோது தார்ப்பாயில் மருந்து சரியாகத் தீர்ந்திருந்தது, வயலிலும் பாக்கி இல்லை.

மறுநாள் விடிந்ததும்

மறுநாள் ஆறு மணிக்கு நான் அந்த வரப்பில் இருந்தேன். களைக்கொல்லி வேலை செய்வது தெரிய மூன்று நாளாவது ஆகும். அது தெரிந்தும் போனேன். தேன்மொழி எனக்கு முன்பே வந்திருந்தாள்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாவில் களை செத்தது. பழுத்த மூன்று மா மற்றதைவிடப் பிந்திக் கதிர் விட்டது, குறைவாகத்தான் கண்டது, அறுவடை மிஷின் அதற்காக இரண்டாம் தடவை வர வேண்டியிருந்தது. தேன்மொழி குத்தகையை விடவில்லை. ஆனால் அன்று காலையில் எங்கள் இருவருக்கும் இதில் ஒன்றும் தெரியாது.

அவள் நேற்று அடித்த வயலில் இல்லை. பழுத்த வயலுக்குள் இறங்கி, கணுக்கால் சேற்றில் குனிந்து நின்றாள். ஒரு நெற்பயிர்க் குத்தை இரண்டு கையாலும் விலக்கிப் பிடித்திருந்தாள்.

“இங்க வாங்க” என்றாள், திரும்பாமலேயே.

நான் செருப்போடு இறங்கிவிட்டேன். வெளுத்த இலைகளுக்கு நடுவில் ஒரு குருத்து, விரல் நீளம்கூட இல்லை, பச்சையாக நின்றது. புதிதாக வந்தது. மருந்து பட்டபிறகு வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அடக்க முடியவும் இல்லை. ஒரு வாரமாக அழாமல் நடந்துகொண்டே இருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றேன்.

தேன்மொழி அழவில்லை. குத்தை மெதுவாக விட்டுவிட்டு நிமிர்ந்து, மூன்று மாவையும் ஒருதரம் பார்த்தாள்.

“இது ஒரு குத்துதான். ஒண்ணை வச்சுச் சொல்லிட முடியாது. நான் இந்தக் கோடியிலேருந்து பாத்துட்டு வர்றேன், நீங்க அந்தக் கோடியிலேருந்து வாங்க. பச்சை இருக்கறதை மட்டும் எண்ணுங்க” என்றாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தேன்.